ஓய்வும் அசைவும்: முழங்கால் கற்பித்த பாடம்

மனிதன் இரு காலில் நிமிர்ந்து நடக்கத் தொடங்கிய நாள்முதல் அவன் உடலின் பாரத்தைத் தாங்கி வருவன முழங்கால்கள். பார்வைக்குக் கதவுக் கீல்போலத் தோன்றினும் முழங்கால் அத்துணை எளியதன்று. காலை மடக்கும்போது தொடையென்பு கீழுள்ள என்பின்மீது உருளுகின்றது, உருளும்போதே சறுக்குகின்றது, முற்றாக நீட்டும்போது சிறிது திரும்பித் தன்னைப் பூட்டிக்கொள்கின்றது. இத்தகைய மூட்டுத் தேய்ந்துவிட்டால் அதனை அகற்றி, உலோகத்தாலும் பிளாஸ்ரிக்காலும் ஆன மூட்டைப் பொருத்தும் சத்திரசிகிச்சை இன்று உலகெங்கும் நடைபெறுகின்றது.

சத்திரவைத்தியரின் பணி ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடும். நோயாளியின் பணியோ அன்றுதான் தொடங்குகின்றது. அது பல மாதங்கள் நீடிக்கும். அம்மாதங்களில் அவர் முன் நிற்கும் வினா ஒன்றே. எவ்வளவு ஆறியிருப்பது? எவ்வளவு அசைப்பது? சிறிய வினாவாகத் தோன்றும் இதற்கு விடை காண மருத்துவ உலகம் நூறாண்டுக்கு மேல் வாதாடியது. அவ்வாதத்தின் வரலாறே இங்குக் கூறப்படுகின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஓய்வின் பக்கம் நின்று வாதாடியவருள் தலையாயவர் ஹியூ ஓவன் தோமஸ். 1834ஆம் ஆண்டு பிறந்த இவர், வேல்ஸ் நாட்டின் அங்கில்சித் தீவில் வழிவழியாக என்பு முறிவுக்கு வைத்தியம் பார்த்த குடும்பத்தின் வழித்தோன்றல். லிவர்பூல் துறைமுக நகரில் கப்பலோட்டிகளுக்கும் கூலியாட்களுக்கும் வைத்தியஞ் செய்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏழைகளுக்கு இலவசமாகவே சிகிச்சை அளித்தார். இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூட்டுக்களின் நோய்கள் பற்றி 1875இல் இவர் எழுதிய நூல் புகழ் பெற்றது. நோயுற்ற மூட்டுக்கு வேண்டுவது ஓய்வு. அவ்வோய்வு கட்டாயமானதாயும் இடையறாததாயும் நெடியதாயும் இருத்தல் வேண்டும் என்பது இவரது கொள்கை. அதன் பொருட்டு இவர் ஆக்கிய இரும்புச் சட்டம் இன்றும் ‘தோமஸ் சட்டம்’ என்றே வழங்கப்படுகின்றது.

இக்கொள்கையை இன்று நோக்குவோர் சிலர் நகைக்கக்கூடும். அது நியாயமன்று. அக்காலத்தில் முழங்காலை அழித்த கொடிய நோய்களுள் ஒன்று காசநோய். அதனை அழிக்கும் மருந்து எதுவும் அன்று இருக்கவில்லை. அழன்று வீங்கிய மூட்டை முரட்டுத்தனமாக மடக்கி நீட்டிய வைத்தியர்களால் பலர் கால் இழந்தனர். சிலர் உயிரும் இழந்தனர். அந்நிலையில் மூட்டைக் கட்டி அசையாது வைத்தவர் நோயாளியைக் காத்தவரே. தோமஸ் கண்ட உண்மை அவர் காலத்து நோய்க்குப் பொருந்திய உண்மை.

அதே காலத்தில் ஐரோப்பாவின் வேறு இடங்களில் எதிர்க் குரல் எழுந்தது. சுவீடன் நாட்டில் பேர் ஹென்றிக் லிங் என்பார் 1813இல் ஸ்ரொக்ஹோம் நகரில் உடற்பயிற்சிக்கென அரச கழகமொன்றை நிறுவியிருந்தார். அந்நாட்டவரான குஸ்தாவ் சாண்டர் என்னும் வைத்தியர் 1865இல் அதே நகரில் பொறிகளால் பயிற்சி அளிக்கும் நிலையம் ஒன்றைத் திறந்தார். நெம்புகோல்களும் பாரக்கற்களும் கொண்ட அப்பொறிகளில் நோயாளியின் வலுவுக்கேற்பப் பாரத்தைக் கூட்டவும் குறைக்கவும் இயன்றது. பயிற்சிக்கு ஓர் அளவு உண்டு, அவ்வளவு ஆளுக்காள் வேறுபடும் என்னும் எண்ணம் இரும்பிலும் மரத்திலும் உருப்பெற்றது அங்கேதான்.

பாரிஸ் நகரத்துச் சத்திரவைத்தியர் லூக்கா-சாம்பியோனியேர் இன்னும் ஒருபடி முன்சென்றார். முறிந்த என்பையும் நெடுநாள் கட்டி வைத்தல் ஆகாது. மென்மையாகப் பிடித்துவிட்டுச் சிறிது சிறிதாக அசைத்தலே நன்று என 1895இல் வெளியிட்ட நூலில் வற்புறுத்தினார். உயிர் என்பதே அசைவுதான் என்பது அவர் கட்சி. அவரும் வலி எழும்படி அசைக்கச் சொல்லவில்லை என்பது கருதத்தக்கது. லிவர்பூலாரும் பாரிசாரும் முரட்டுக் கையை வெறுப்பதில் ஒன்றுபட்டே இருந்தனர்.

இவ்வாதம் நடந்துகொண்டிருந்தபோதே, 1890இல், பேர்லின் நகரில் தெமிஸ்தொக்கிளிஸ் குளுக் என்னும் வைத்தியர் யானைத் தந்தத்தாற் செய்த முழங்கால் மூட்டொன்றை நோயாளி ஒருவருக்குப் பொருத்தினார். காசநோயால் அழிந்த மூட்டுக்களுக்கே அவர் இவ்வாறு தந்த மூட்டுக்களை வைத்தார். தொடக்கத்திற் பயன் தெரிந்தது. பின்னர் நோய்க்கிருமி மீண்டும் தலைதூக்கவே முயற்சி தோற்றது. மூட்டை மாற்றும் எண்ணம் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் உறங்கிக் கிடந்தது. புது மூட்டை அமைக்கும் கலை உறங்கிய அவ்விடைக்காலத்தில், அம்மூட்டை இயக்கப் பழக்கும் கலை வளர்ந்தது. அதனை வளர்த்தவை இரண்டு உலகப் போர்கள்.

முதலாம் உலகப் போரில், தோமசின் மருமகனும் மாணவருமான சேர் றொபேட் ஜோன்ஸ், மாமனின் இரும்புச் சட்டத்தைப் போர்க்களத்துக்குக் கொண்டுசென்றார். தொடையென்பு முறிந்து மாண்ட வீரர் தொகை அதனாற் பெரிதும் குறைந்தது. ஆயினும் அவர் மாமன் நின்ற இடத்திலேயே நின்றுவிடவில்லை. இலண்டன் மாநகரின் ஷெப்பேட்ஸ் புஷ் பகுதியிலிருந்த படை வைத்தியசாலையில், காயம் ஆறிய வீரர்களுக்கெனத் தொழிற்கூடங்கள் அமைக்கப்பட்டன. நாடிழந்து இங்கிலாந்தில் வாழ்ந்த போர்த்துக்கல் மன்னர் இரண்டாம் மனுவெல் இதற்குத் துணைநின்றார். முழங்கால் விறைத்த வீரன் தச்சுவேலை முதலான தொழில்களிற் கைவைத்தான். காலுக்குப் பயிற்சியும் கிடைத்தது. தான் பயனற்றவன் என்னும் மனச்சோர்வும் நீங்கியது. உடலைத் தேற்றுதற்கு உள்ளத்தையும் தேற்ற வேண்டும் என்பது அன்று உணரப்பட்டது.

இரண்டாம் உலகப் போர் மற்றொரு பாடத்தைத் தந்தது. அமெரிக்காவின் சிக்காகோ நகரிலிருந்த படை வைத்தியசாலை ஒன்று முழங்கால் காயமுற்ற வீரர்களால் நிரம்பிக் கிடந்தது. அங்குப் பணியாற்றிய இளம் வைத்தியர் தோமஸ் டிலோம், சிறுவயதில் வாதக் காய்ச்சலால் நெடுநாள் படுக்கையிற் கிடந்து, பின்னர் பாரந்தூக்கிப் பயின்று உடல் தேறியவர். மெலிந்த தொடைத்தசைக்கு மெல்லிய அசைவை நூறுமுறை கொடுப்பதிலும் தக்க பாரத்தைச் சில முறை கொடுப்பதே மேல் என அவர் கருதினார். இரும்பாற் செய்த பாதணியை வீரனின் காலிற் பூட்டி, அதில் பாரத்தை ஏற்றி, அமர்ந்தபடி காலை நீட்டச் செய்தார். தசைகள் வியக்கத்தக்க வகையில் வலுப்பெற்றன. 1945இல் தம் முறையை வெளியிட்டார்.

டிலோம் பின்னர்ச் செய்ததே இன்னும் பாராட்டத்தக்கது. முதலில் அவர் பத்து முறை தூக்குவதை ஓர் அடுக்காகக் கொண்டு, ஒரே வேளையில் ஏழு முதல் பத்து அடுக்குகள்வரை செய்வித்தார். அனுபவம் முதிர்ந்தபோது அது மிகை எனக் கண்டார். 1948இல் உவொட்கின்ஸ் என்பாருடன் சேர்ந்து அதனை மூன்று அடுக்காகக் குறைத்தார். பத்து முறை மட்டுமே தூக்க வல்ல பாரம் எதுவோ, அதன் பாதி முதல் அடுக்குக்கு, முக்காற் பங்கு இரண்டாவதுக்கு, முழுமை மூன்றாவதுக்கு. வலு கூடக்கூடப் பாரமும் கூடும். பயிற்சியைக் கண்டறிந்தவரே அதனைக் குறைத்தும் காட்டினார்.

அமைதிக் காலத்து வைத்தியசாலைகளிலும் படுக்கையின் மதிப்புக் குறைந்து வந்தது. 1947இல் றிச்சட் அஷர் என்னும் ஆங்கில வைத்தியர், படுத்துக் கிடப்பதால் வரும் கேடுகளை நகைச்சுவை கலந்த கட்டுரையொன்றில் வரிசைப்படுத்தினார். குருதி உறைதல், நுரையீரலிற் சளி தேங்குதல், தசை மெலிதல், மூட்டு விறைத்தல், மனந்தளர்தல் என அப்பட்டியல் நீண்டது.

இந்நிலையிற்றான் செயற்கை மூட்டு மீண்டும் விழித்தெழுந்தது. 1950களில் சுவீடனில் உவோல்டியசும் இங்கிலாந்தில் ஷியேர்சும் கீல் வடிவான மூட்டுக்களைப் பொருத்தினர். கதவுபோல் மட்டும் மடங்கிய அவை என்பிலிருந்து தளர்ந்துபோயின. இங்கிலாந்தின் றைற்றிங்ரன் வைத்தியசாலையில், இடுப்பு மூட்டு மாற்றுச் சிகிச்சையில் வழிகாட்டிய சேர் ஜோன் சாண்லியின் நிலையத்திற் பயின்ற கனேடியர் பிராங் கன்ஸ்ரன், முழங்காலின் உருளலையும் சறுக்கலையும் ஒத்த மூட்டை 1960களின் இறுதியில் ஆக்கினார். 1974இல் நியூயோர்க் நகரில் ஜோன் இன்சோலும் அவர்தம் குழுவினரும் அமைத்த மூட்டு, இன்றைய மூட்டுக்களுக்கு முன்மாதிரியாயிற்று.

மூட்டுக் கிடைத்தது, பழைய வினா திரும்பியது. தொடக்கத்திற் பலர் காயம் ஆறும்வரை காலைக் கட்டியே வைத்தனர். ஆறிய பின் பார்த்தால் உள்ளே தழும்புத்திசு இறுகி முழங்கால் மடங்க மறுத்தது. கனடாவின் தொரன்ரோ நகரத்து றொபேட் சோல்ரர், முயல்களின் மூட்டுக்களை இடைவிடாது மெல்ல அசைத்துப் பார்த்து, குருத்தென்பு நன்கு ஆறக் கண்டார். அதன் வழிவந்த பொறி 1980களில் வைத்தியசாலைகளிற் பரவியது. நோயாளி படுத்திருக்கப் பொறியே காலை மடக்கி நீட்டியது. பின்னர் நடந்த நுணுக்கமான ஒப்பீடுகள், முழங்கால் மாற்றியவர்களுக்கு அதனால் விளைந்த மேலதிக நன்மை மிகச் சிறிது எனக் காட்டின. தன் தசையாலே தானே அசைப்பதற்கு ஈடில்லை என்பது தெளிவாயிற்று. 1990களில் டென்மார்க் நாட்டு ஹென்றிக் கேலெற் வகுத்த விரைவுத் தேறல் முறையின் பயனாக, இன்று பலர் சத்திரசிகிச்சை செய்த அன்றோ மறுநாளோ எழுந்து நிற்கின்றனர்.

அப்படியாயின் விரைவே வெற்றியோ? அன்று. 2017இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், முழங்கால் மாற்றிய 162 பேர் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர்க்குத் தொடக்கத்திலிருந்தே கடும் பயிற்சி. மற்றப் பிரிவினர்க்கு மெல்ல ஏறிச் செல்லும் பயிற்சி. இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவாகத் தேறினர். கடுமையாற் கேடு விளையவில்லை. ஆயின் மிகுந்த பயனும் விளையவில்லை. அயலவர் தம்மை முந்தி நடப்பதைக் கண்டு மனம் புழுங்கும் நோயாளிக்கு இதனினும் ஆறுதலான செய்தி வேறில்லை.

முந்த வேண்டியதில்லை எனினும் முடங்கவும் ஆகாது. சத்திரசிகிச்சைக்குப் பின் முதல் மாதத்தில் தொடைத்தசையின் வலு பாதிக்குமேற் குறைந்துவிடுகின்றது. வீங்கிய மூட்டு, தசைக்குச் செல்லும் நரம்பின் ஏவலையே அடக்கிவிடுவதும் அதற்கு ஒரு காரணம். ஆதலின் அளவு மிஞ்சிப் பயின்று வீக்கத்தைப் பெருக்கியவர், வலுவைத் தேடிச் சென்று வலுவையே இழக்கின்றார். வலிக்கு அஞ்சி அசையாதிருப்பவரைத் தழும்புத்திசு பிணிக்கின்றது. படியேறுதற்கு முழங்கால் 80 பாகைக்கு மேலும், நாற்காலியிலிருந்து எழுதற்கு 90 பாகைக்குச் சற்று மேலும் மடங்க வேண்டும். தொடக்க வாரங்களில் அதனைத் தேடாதவர் பின்னர்த் தேடுதல் கடினம்.

இவ்விரு கேட்டுக்கும் நடுவே செல்லும் வழியை இயன்மருத்துவர்கள் எளிய முறையிற் கற்பிக்கின்றனர். ஒரே முறையில் நெடுநேரம் பயிலாது, நாளிற் பல முறை சிறிது சிறிதாகப் பயில்க. நடந்தபின் காலை உயர்த்தி வைத்து, குளிர் ஒத்தடம் கொடுத்து ஆறுக. மறுநாட் காலையில் முழங்காலைப் பார்க்க. வீக்கமும் வலியும் முன்னைய நாளினும் மிகுந்திருப்பின், நேற்றைய அளவு மிஞ்சியது எனக் கொண்டு சற்றுக் குறைக்க. அடங்கியிருப்பின் சிறிது கூட்டுக. பயிற்சியின்போது தோன்றி விரைவில் தணியும் வலி அஞ்சத்தக்கதன்று. கெண்டைக்கால் வீங்கி நோதல், காயத்திலிருந்து நீர் வடிதல், காய்ச்சல், மூச்சுத்திணறல் என்பன தோன்றினால் மட்டும் ஒருகணமும் தாழ்க்காது வைத்தியரை நாடல் வேண்டும்.

ஊன்றுகோலைச் சில வாரங்களிற் பலர் நீக்கிவிடுவர். வலு முற்றாகத் திரும்ப ஓராண்டும் ஆகலாம். அதுவரையும் கணக்குப் பார்க்கத்தக்கது நேற்றைய நடையோடு இன்றைய நடையை மட்டுமே. லிவர்பூலார் போற்றிய ஓய்வும் பாரிசார் போற்றிய அசைவும் ஒன்றையொன்று வென்றுவிடவில்லை. நூறாண்டு வாதத்தின் பின் இரண்டும் ஒரே நாளின் இரு வேளைகளாக நோயாளியின் வீட்டில் இடம்பெற்றுள்ளன. காலையில் அவர் சிறிது நடக்கின்றார். நடந்தபின் காலை உயர்த்தி ஆறுகின்றார். மாலையில் மீண்டும் எழுகின்றார்.