கற்றலில் மாணவர் பங்கு

வகுப்பறையில் மாணவர் கேட்போராக மட்டும் அமர்வதும், செய்தும் வினவியும் பிறருக்குச் சொல்லியும் கற்பதும் இருவேறு நிலைகள். முன்னதை ஏற்புநிலை என்றும் பின்னதைச் செயல்நிலை என்றும் கூறலாம்.

இவற்றின் பயனைக் கணக்கிட்டே சொன்ன தமிழ் நூல், பவணந்தி முனிவரின் நன்னூல் (13ஆம் நூற்றாண்டு). ஆசிரியர் உரைப்பதை எவ்வளவு கருத்தூன்றிக் கேட்டாலும் மாணவனுக்குக் காற்பங்குதான் வாய்க்கும் என்கிறது அதன் பொதுப்பாயிரம். உடன்பயில்வோரோடு பழகுவதில் இன்னொரு கால் கிடைக்கும். மீதி அரைப்பங்கு, கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைக்கும்போதே வந்து சேரும்.

மாணாக்கரையும் அது மூவகைப்படுத்துகிறது. அன்னமும் ஆவும் போன்றோர் தலைமாணாக்கர். கிடைத்ததை மேய்ந்து, பின் ஓரிடத்தில் படுத்து அசைபோடும் பசு, செயல்நிலைக்கு மிகப் பொருத்தமான உவமை. உழவன் உழைத்த அளவே விளையும் மண்ணும், சொன்னதையே திருப்பிச் சொல்லும் கிளியும் இடை. ஓட்டைக்குடம், செடிக்குச் செடி தாவும் ஆடு, குளத்தைக் கலக்கிக் குடிக்கும் எருமை, நெய்யை விட்டுக் கசடைப் பிடிக்கும் நெய்யரி ஆகியவை கடை. நன்றாக ஒப்பிக்கும் கிளிக்கு முதலிடம் தராதது கருதத்தக்கது.

திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே மணலில் விரலால் எழுதினர். ஓலையும் எழுத்தாணியும் பிறகுதான். மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை இளையோருக்குச் சொல்லிக்கொடுத்தான். இப்பள்ளிகளை வெறும் உருப்போடும் கூடங்கள் என்பது பொருந்தாது. வாயும் விரலும் செவியும் சேர்ந்து உழைத்த இடங்கள் அவை.

1789இல் சென்னை எழும்பூரில், படைவீரர்களின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கான பள்ளியின் பொறுப்பை ஆண்ட்ரூ பெல் ஏற்றார். உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு, தம் பள்ளியிலும் அதைப் புகுத்த விரும்பினார். ஆசிரியர்கள் ஒத்துழைக்காததால், சுமார் எட்டு வயது மாணவன் ஒருவனிடம் எழுத்து வகுப்பை ஒப்படைத்தார். அவன் நடத்திக் காட்டினான். 1797இல் இலண்டனில் பெல் வெளியிட்ட நூலுக்குப் பின், ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் இவ்வழி இங்கிலாந்தில் பரவியது.

சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் தொடங்கிய செயல்வழிக் கற்றல், பின்னர் மாநிலம் முழுவதும் தொடக்க வகுப்புகளுக்கு விரிந்தது. ஆந்திரத்தின் ரிஷிவேலிப் பள்ளி அதற்கு முன்மாதிரி. பிள்ளைகள் பாயில் வட்டமாக அமர்ந்து, தத்தம் படிக்குரிய அட்டையைத் தாமே எடுத்துப் பயின்று, கைக்கெட்டும் கீழ்மட்டக் கரும்பலகையில் எழுதினர். 2022இல் தொடக்க வகுப்புகளுக்கு ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தது.