வரியும் வரிசையும்: 354ஆம் ஆண்டுத் தொகுப்பில் டிசம்பர் 25

உரோமையில் கிறிஸ்து பிறப்பு விழா 336இலேயே வழக்கில் இருந்தது என்பதற்கு எப்போதும் காட்டப்படும் சான்று, 354ஆம் ஆண்டுத் தொகுப்பிலுள்ள மறைசாட்சியர் பட்டியலின் முதல் வரி. டிசம்பர் 25க்கு நேரே, யூதேயாவின் பெத்லகேமில் கிறிஸ்து பிறந்த செய்தி அங்கே பதிவாகியுள்ளது. அது விழாக் குறிப்பன்று, காலக்கணிப்பில் நாட்டமுள்ள ஒருவர் செருகிய வரலாற்றுக் குறிப்பே என்று ஒரு தரப்பு ஆய்வாளர் வாதிடுவர். ஒரு பேச்சுக்கு அவ்வரியை நீக்கியே பார்ப்போம். அப்போதும் சான்று எஞ்சுகிறது என்பது என் வாதம்.

இதற்கு அதே தொகுப்பின் ஆயர் பட்டியலுக்குச் செல்ல வேண்டும். உரோமை ஆயர்களின் அடக்க நாள்களைத் தரும் அப்பட்டியலில் முதலில் வருபவர் தியோனீசியு, டிசம்பர் 27. அடுத்து பெலிக்ஸ், 30, சில்வெஸ்தர், 31. ஜனவரி அதன் பிறகுதான். ஆண்டைச் சுற்றிவந்து டிசம்பர் 8இல் யூத்திக்கியனோடு வரிசை முடிகிறது. அப்பால் இரு பெயர்கள் ஒழுங்கு தவறி நிற்கின்றன: மாற்கு, அக்டோபர் 7, யூலியு, ஏப்ரல் 12. சில்வெஸ்தர் 335இன் கடைசி நாளிலும், மாற்கு 336இலும், யூலியு 352இலும் இறந்தவர்கள். எனவே மூலப்பட்டியல் 336 அக்டோபருக்கு முன் உருவாகி, பின்வந்தோர் இறுதியில் சேர்க்கப்பட்டனர். இது பலரும் ஏற்றதே. ஆனால் இப்பட்டியலில் கிறிஸ்து பிறப்பைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இருந்தும் டிசம்பர் 8க்கும் 27க்கும் இடையே ஆண்டு பிறப்பதாகவே பெயர்கள் அடுக்கப்பட்டுள்ளன. ஜனவரி முதல் நாளே தொடக்கமாக இருந்திருந்தால் முதல் மூவரும் கடைசிக்குப் போயிருப்பர். அவ்விடைவெளியில் வரும் கிறிஸ்து பிறப்பு விழாவே ஆண்டின் தொடக்கம் என்று கொண்டால் இவ்வரிசை விளங்கும்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்றுண்டு. உரோமை நாள்கணக்கில் டிசம்பர் 14 முதல் வரும் நாள்கள் ஜனவரி முதல் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணப்பட்டு, ஜனவரியின் பெயரையே தாங்கும். தொகுத்தவர் அவற்றை ஜனவரியோடு சேர்த்தார், அவ்வளவுதான் எனலாம். மறைசாட்சியர் பட்டியல் டிசம்பர் 13இல் முடிவதும் இதற்கு இசைவாகவே தோன்றும். ஆனால் அப்பட்டியலின் மாதத் தலைப்புகள் வேறு கதை சொல்கின்றன. ஜனவரி 20க்குரிய பபியானும் செபஸ்தியாரும் பிப்ரவரிக் கணக்கில் எண்ணப்பட்டும் ஜனவரித் தலைப்பின் கீழ்தான் உள்ளனர். பிப்ரவரி 22இல் வரும் பேதுருவின் தலைமைப்பீட விழா மார்ச்சுக் கணக்கில் எழுதப்பட்டும் பிப்ரவரியில்தான் இருக்கிறது. தொகுத்தவர் நாளின் பெயரைப் பாராமல் நாள் விழும் மாதத்தைப் பார்த்தே பிரித்திருக்கிறார். அவ்வழக்கப்படி டிசம்பர் 25 கடைசியில் வந்திருக்க வேண்டும். அதுவோ ஜனவரித் தலைப்புக்கும் மேலே, எம்மாதத்திலும் அடங்காமல் நிற்கிறது. மூலச்சுவடியும் அதன் கரோலிங்கியக் காலப் படியும் அழிந்துபோனதால், தலைப்புகள் படியெடுத்தோரின் கைவேலையாக இருக்கலாம் என்ற ஐயத்தை முழுவதும் விலக்க இயலாது. ஆனால் ஆயர் பட்டியலில் தலைப்புகளே இல்லை. வரிசை மட்டும் அதேதான்.

மறைசாட்சியருக்கான பட்டியலில் பிறப்புக்கு ஏது இடம் என்ற கேள்வி நெடுநேரம் நிற்காது. தலைமைப்பீட விழாவும் மறைசாட்சியரின் இறப்பு நாள் அல்லவே. காலக்கணிப்பு நாட்டத்துக்கோ இதே தொகுப்பின் கொன்சுல்கள் பட்டியல் இருக்கிறது. பிறப்பின் ஆண்டு, கிழமை, நிலவின் நாள் எல்லாம் அங்கே பதிவாகியுள்ளன. இவை எதுவும் இல்லாத வெறும் நாளை இங்கே மறுபடி எழுத வழிபாட்டுத் தேவையன்றி வேறு காரணம் எனக்குப் புலப்படவில்லை. வெல்லப்படாத கதிரவனின் விழா பற்றிய பழைய விவாதம் இங்கு வேண்டாம். அந்நாள் ஏன் தேர்ந்தெடுக்கப்பட்டது என்பது அதன் கேள்வி. அந்நாளில் ஆண்டு தொடங்கியதா என்பது என் கேள்வி.

இன்று வழிபாட்டு ஆண்டு திருவருகைக்காலத்தின் முதல் ஞாயிறன்று பிறக்கிறது. எட்டாம் நூற்றாண்டுச் சுவடியாக நமக்குக் கிடைத்துள்ள பழைய ஜெலாசியு திருப்பலி நூலோ கிறிஸ்து பிறப்பின் திருவிழிப்பில் தொடங்கி, திருவருகைக்கால மன்றாட்டுகளை இரண்டாம் பகுதியின் இறுதிக்குத் தள்ளிவிடுகிறது. அந்த அமைப்பைத் தொகுத்தவரின் தனிவிருப்பம் என்று விளக்குவோர், நானூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஆயர் பட்டியலுக்கும் விளக்கம் தர வேண்டியிருக்கும்.