மாறிகள்: யாவத்-தாவத் முதல் எக்ஸ் வரை

மதிப்பு இன்னும் தெரியாத எண்ணின் இடத்திலோ, பல மதிப்புகளை ஏற்கக்கூடிய எண்ணின் இடத்திலோ எழுதப்படும் குறியீடு மாறி எனப்படும். 'எக்ஸ் என்றால் என்ன?' என்று கேட்கும் மாணவருக்கு, 'எண் வந்து அமரும்வரை காத்திருக்கும் நாற்காலி' என்று சொல்லலாம்.

இந்தியாவில்

ஆரியபட்டர் (கி.பி. 499) மதிப்புத் தெரியாத பொருளைக் 'குலிகா' (சிறு உருண்டை) என்றார். பக்‌ஷாலி சுவடியில் தெரியாத எண்ணின் இடத்தில் ஒரு புள்ளி உள்ளது. பிரம்மகுப்தர் 628இல் எழுதிய பிரம்மஸ்புட சித்தாந்தத்தில் தெரியாத எண்கள் பல வரும்போது அவற்றை 'வர்ணங்கள்' என்றார். 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் பாஸ்கரரின் பீஜகணிதம் இம்முறையை விரிவாகத் தந்தது. முதல் தெரியாத எண் யாவத்-தாவத், அதாவது 'எவ்வளவோ அவ்வளவு'. அடுத்தவை காலக (கருப்பு), நீலக (நீலம்), பீதக (மஞ்சள்), லோகிதக (சிவப்பு). எழுதும்போது முதலெழுத்தே போதும்: யா, கா, நீ, பீ, லோ. தெரிந்த எண்ணுக்கு 'ரூ' (ரூப).

கடியப்பட்டணம் கடற்கரையில் ஒருவர் 3 கூடை சாளை வாங்கி, வண்டிக்கூலி 200 ரூபாயும் சேர்த்து மொத்தம் 2,000 ரூபாய் கொடுத்தார் என்று கொள்வோம். பாஸ்கரர் முறையில் சமன்பாட்டின் இரு பக்கங்களும் மேலும் கீழுமாக வரும்:

யா 3 ரூ 200
யா 0 ரூ 2000

2,000இல் 200 போக 1,800. அதை 3ஆல் வகுக்க, ஒரு கூடையின் விலை 600 ரூபாய்.

ஐரோப்பாவில்

பிரான்சின் வியேத் 1591இல் தெரியாத எண்களுக்கு உயிரெழுத்துகளையும் தெரிந்தவற்றுக்கு மெய்யெழுத்துகளையும் வைத்தார். இதனால் தனித்தனிக் கணக்குகளுக்குப் பதிலாகப் பொது வாய்பாடு எழுத முடிந்தது. எக்ஸ், ஒய், இசட் என்னும் இன்றைய வழக்கம் தெக்கார்த்து 1637இல் வெளியிட்ட வடிவியல் நூலிலிருந்து பரவியது.

புள்ளியியலில்

கூட்டல் குறியான சிக்மாவின் கீழ் வரும் 'ஐ' வரிசை எண்ணுக்கு மட்டும் இடம் பிடிக்கிறது. அதை 'ஜே' என்று மாற்றினாலும் கூட்டுத்தொகை மாறாது. ஆனால் முழுமைத்தொகுதியின் சராசரியான 'மியூ'வும் கூறின் சராசரியான 'எக்ஸ் பார்' என்பதும் வெவ்வேறு. ஓர் ஊரில் 50 வீடுகளில் மட்டும் கேட்டுப் பெற்ற சராசரி வருமானம் எக்ஸ் பார். ஊர் முழுவதன் சராசரி மியூ. முன்னதைக் கொண்டு பின்னதை மதிப்பிடலாம். இரண்டும் ஒன்றே என்று எழுதினால் முடிவு தவறும்.

ஆகவே எழுத்தை நம் விருப்பம்போல் தேர்ந்துகொள்ளலாம். ஆனால் அது எதைக் குறிக்கிறது என்பதைக் கணக்கின் முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும். கணக்கு முடியும்வரை அப்பொருளை மாற்றக் கூடாது.