எலியின் வாலில் தொடங்கிய தேடல்

டான்ஃபோர்த் என்ற அமெரிக்க ஆய்வாளர் வளர்த்த சுண்டெலிகளில் ஒருமுறை வால் குட்டையான எலி ஒன்று பிறந்தது. அதன் வம்சம் பெருகியது. குட்டைவால் எலிகள் தமக்குள் இணைந்தபோது சில குட்டிகள் வாலே இல்லாமல் பிறந்தன. ஒரே நாளில் செத்தும் போயின. வால் இல்லாததற்காக எந்த எலியும் சாவதில்லை. வயிற்றைத் திறந்து பார்த்தவர்களுக்குக் காரணம் புரிந்தது. சிறுநீரகங்கள் இருக்க வேண்டிய இடத்தில் எதுவுமே இல்லை.

அந்த எலிகள் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சலோமி குளூக்சோன் என்ற பெண்ணின் கைக்கு வந்தன. ஹிட்லர் ஆட்சியைப் பிடித்த 1933-இல் ஜெர்மனியை விட்டு வெளியேறிய யூதப் பெண் அவர். கருவில் ஒரு திசு பக்கத்துத் திசுவின் தலையெழுத்தையே மாற்றும் என்று காட்டி நோபல் பரிசு பெற்ற ஹான்ஸ் ஷ்பேமானின் மாணவி. அந்தக் கண்ணோடுதான் 1940-களின் தொடக்கத்தில் எலிக் கருக்களைப் பார்த்தார். வழக்கமான கருவில் முதுகுப்புறம் இறங்கி வரும் ஒரு குழாயின் கீழ்ப்பகுதியில், பத்தரை நாள் வயதில், சின்னஞ்சிறு மொட்டு முளைக்கும். அருகிலிருக்கும் செல் திரளுக்குள் புகுந்து கிளைவிடும். சிறுநீரகத்தின் தொடக்கம் அதுதான். வாலில்லாக் குட்டிகளில் இந்த மொட்டு ஒழுங்காக வளரவில்லை, திரளைப் போய்ச் சேரவும் இல்லை. எந்த மரபணு கெட்டது என்று கண்டுபிடிக்கும் வழி அன்று யாருக்கும் தெரியாது. (அது தெரிய 2013 வரை ஆனது. கணையம் உருவாவதற்கு வேண்டிய ஒரு மரபணு, தனக்குச் சம்பந்தமில்லாத இடத்தில் விழித்துக்கொண்டிருந்தது.) மொட்டு வராவிட்டால் சிறுநீரகம் இல்லை என்பது மட்டும் தெளிவானது. அப்படியானால் மொட்டு வந்து என்ன செய்கிறது?

1950-களில் கிளிஃபோர்ட் குரோப்ஸ்டைன் இதைக் கண்ணாடிக் கிண்ணத்துக்குக் கொண்டுவந்தார். பதினோரு நாள் எலிக் கருவிலிருந்து மொட்டையும் திரளையும் பிரித்தெடுத்துத் தனித்தனியே வளர்த்தார். மொட்டு கிளைவிடவில்லை. திரளில் சிறுகுழாய்கள் உருவாகவில்லை. மறுபடி சேர்த்து வைத்ததும் இரண்டும் உயிர்பெற்று வேலையைத் தொடங்கின. பிறகு மொட்டுக்குப் பதிலாக, அதே வேலையைச் செய்யும் கருவின் தண்டுவடத் துண்டை எடுத்து, அதற்கும் திரளுக்கும் நடுவே மெல்லிய வடிதாளை வைத்துத் தடுத்துப் பார்த்தார். அப்போதும் திரளில் குழாய்கள் தோன்றின. தாளின் நுண்துளைகள் வழியே ஏதோ ஒரு சேதி போய்க்கொண்டிருந்தது! ஆனால் திரளும் மொட்டுக்கு ஏதோ சொல்லியாக வேண்டும். இல்லையென்றால் மொட்டு ஏன் கிளைவிட வேண்டும்? அந்தச் சேதி எது என்பதற்கான விடை, சிறுநீரகத்தை நினைத்துக்கூடப் பார்க்காத ஆய்வகங்களில் பிறக்கவிருந்தது.

முதல் துண்டு புற்றுநோய் ஆய்வில் கிடைத்தது. 1985-இல் பாஸ்டனில் மசாஹிடே டகஹாஷியும் சகாக்களும் மனிதப் புற்றுக்கட்டி ஒன்றின் டிஎன்ஏவை எலிச் செல்களுக்குள் செலுத்தினார்கள். செல்கள் வெறிகொண்டு பெருகின. காரணமான மரபணுவைப் பிடித்துவிட்டு மூலக் கட்டியில் தேடினால், அங்கே அது அந்த வடிவில் இல்லை. வெவ்வேறு இடங்களைச் சேர்ந்த இரண்டு துண்டுகள், டிஎன்ஏவைச் செலுத்தியபோது தற்செயலாக ஒட்டிக்கொண்டிருந்தன. அந்த விபத்திலிருந்து வெளிப்பட்ட மரபணுவுக்கு 'ரெட்' என்று பெயரிட்டார்கள். அது உருவாக்கும் புரதம் செல்லின் மேற்பரப்பில் நின்று வெளியிலிருந்து வரும் சேதியை வாங்கும் ஏற்பி. யாருடைய சேதி என்பது மட்டும் தெரியவில்லை.

இரண்டாவது துண்டு மூளையைத் தேடியவர்களுக்குக் கிடைத்தது. பார்க்கின்சன் நோயில் டோபமைன் நரம்புச் செல்கள் மடிகின்றன. அவற்றை வாழவைக்கும் புரதம் ஒன்றை, 1993-இல், கொலராடோ மாநிலத்தின் சினர்ஜென் நிறுவன ஆய்வாளர்கள் எலியின் நரம்புத் துணைச் செல்களை வளர்த்த திரவத்திலிருந்து பிரித்தெடுத்தார்கள். நரம்புத் துணைச் செல்களிலிருந்து வந்த நரம்பு வளர்ப்புக் காரணி என்ற பொருளில் அதற்கு ஜிடிஎன்எஃப் என்று பெயரிட்டார்கள். மருந்து கிடைத்துவிட்டது என்ற பரபரப்பில், அந்தப் புரதம் உடலில் வேறெங்கே வேலை செய்கிறது என்று கேட்க அப்போது யாருக்குத் தோன்றியிருக்கும்?

அடுத்த ஆண்டே ரெட் ஓர் அதிர்ச்சி தந்தது. சலோமி பணியாற்றிய அதே கொலம்பியாவில் ஃபிராங்க் காஸ்டன்டினியின் குழு, லண்டன் ஆய்வாளர் வாசிலிஸ் பாக்னிஸுடன் சேர்ந்து, ரெட் மரபணு இல்லாத எலிகளை உருவாக்கியது. குட்டிகள் பிறந்த உடனே மடிந்தன. குடலில் நரம்புச் செல்கள் இல்லை. சிறுநீரகங்கள் இல்லவே இல்லை, அல்லது உருக்குலைந்த சிறு துணுக்குகளாக இருந்தன. வழக்கமான கருக்களில் ரெட் இருந்த இடம் மொட்டின் நுனி. சேதியை வாங்கும் காது கிடைத்துவிட்டது. பேசியது யார்?

1996 ஜூலையில் நேச்சர் இதழில் மூன்று கட்டுரைகள் அடுத்தடுத்து வந்தன. மூன்று தனித்தனிக் குழுக்கள் ஜிடிஎன்எஃப் இல்லாத எலிகளை உருவாக்கியிருந்தன. மூளையின் டோபமைன் செல்கள் அழிந்திருக்கும் என்பதுதான் இயல்பான எதிர்பார்ப்பு. பிறந்த குட்டிகளில் அந்தச் செல்கள் நலமாக இருந்தன. சிறுநீரகங்களைத்தான் காணவில்லை. ரெட் என்ற ஏற்பி வாங்கும் சேதி ஜிடிஎன்எஃப்தான் என்று அதற்குச் சற்று முன்புதான் வேறு குழுக்கள் அறிவித்திருந்தன. காத்திருந்த செல் திரள் ஜிடிஎன்எஃப்பைச் சுரக்கிறது. குழாயிலிருக்கும் ரெட் அதை வாங்குகிறது. மொட்டு முளைத்து, திரளை நோக்கி வளர்கிறது. மூளைக்காகப் பெயர் வைத்த புரதம்தான் ஒவ்வொரு சிறுநீரகத்தையும் தொடங்கிவைத்தது! மறு ஆண்டே ஹெல்சின்கியில், ஜிடிஎன்எஃப்பில் ஊறவைத்த நுண்மணிகளைக் கருவின் குழாயருகே வைத்தார்கள். வழக்கத்தில் மொட்டே வராத இடங்களிலும் மொட்டுகள் எழுந்தன.

புரதம் அறவே இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பது தெரிந்துவிட்டது. பாதி மட்டும் இருந்தால்? ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகக் குழு, ஜிடிஎன்எஃப் மரபணுவின் இரு பிரதிகளில் ஒன்று மட்டுமே உள்ள எலிகளை முதுமைவரை வளர்த்து, 2003-இல் முடிவை வெளியிட்டது. வெளிப்பார்வைக்கு எந்தக் குறையும் இல்லாத எலிகள் அவை. எண்ணிப் பார்த்ததில், ரத்தத்தை வடிகட்டும் நெஃப்ரான்கள் சுமார் 30% குறைவாக இருந்தன. வயதேறியபோது ரத்த அழுத்தமும் உயர்ந்திருந்தது. மனிதக் குழந்தையின் நெஃப்ரான்கள் தாய் வயிற்றிலேயே, பிரசவத்துக்குச் சில வாரங்கள் முன்பாக, முழுமையாக உருவாகி முடிகின்றன. அதன் பிறகு புதிதாக ஒன்றுகூடச் சேர்வதில்லை. அந்த எண்ணிக்கை ஒரு சிறுநீரகத்தில் சிலருக்கு இரண்டு லட்சம்தான், சிலருக்கு இருபது லட்சத்துக்கும் மேல்.