சங்கமனின் பிள்ளைகள் எந்த ஊர்?

உயர்தர வகுப்பில் நாங்கள் பாடமாக்கிய வரி இது: 1336இல் ஹரிஹரரும் புக்கரும் வித்யாரண்யரின் ஆசியுடன் விஜயநகரப் பேரரசை நிறுவினர். எழுதினால் புள்ளி வரும், அவ்வளவுதான். கம்பஸ் வந்து வாசிக்கத் தொடங்கின பிறகு அந்த வரியில் இருந்த ஆண்டும் ஆடிவிட்டது, ஆசியும் ஆடிவிட்டது. மிஞ்சினது அண்ணனும் தம்பியும்தான். அவர்களும் ஆர் எண்டு கேட்டால் ஒரே பதில் இல்லை.

சங்கமன் என்பவருக்கு ஐந்து ஆண் பிள்ளைகள். 1346இல் சகோதரர்கள் சிருங்கேரியில் கூடி, தங்கள் வெற்றியை ஒட்டி அங்கிருந்த மடத்துக்குக் கொடை கொடுத்திருக்கிறார்கள். ஹொய்சள அரசு மறைவதும் அதே காலத்தில்தான். இதுவரைக்கும் பெரிய சண்டை இல்லை. சண்டை இதற்கு முந்தின இருபது வருசத்தைப் பற்றியது.

தெலுங்குத் தரப்பு சொல்லுறது இதுதான். சகோதரர்கள் வாரங்கல் காகதீயரிடம் வேலை பார்த்தவர்கள். 1323இல் வாரங்கல் விழுந்ததும் கம்பிலிக்குப் போனார்கள். 1327 அளவில் முகமது பின் துக்ளக்கின் படை கம்பிலியையும் அழிக்க, கைதிகளாகத் தில்லிக்குக் கொண்டுபோகப்பட்டு, முஸ்லிமாகி, பிறகு அதே சுல்தானால் தெற்கை ஆள அனுப்பப்பட்டு, வந்த இடத்தில் பழைய மதத்துக்குத் திரும்பித் தனி அரசு கண்டார்கள். 1933இல் வெங்கடரமணய்யா இந்தப் பக்கம் நின்று எழுதினார். நீலகண்ட சாஸ்திரியும் இதைத்தான் ஏற்றார்.

கன்னடத் தரப்பில் ஹெராஸ் பாதிரியாரும் சலெத்தூரும். அவர்களுக்கு இந்தத் தில்லிக் கதையே வேண்டாம். சகோதரர்கள் மூன்றாம் வல்லாளனின் வடக்கு எல்லையைக் காத்த ஹொய்சள அதிகாரிகள், அந்த அரசு தளர்ந்தபோது இயல்பாகவே அதன் இடத்துக்கு வந்தவர்கள் என்பது அவர்களின் வாதம். கன்னடக் கல்வெட்டுகளையும் சான்றாகக் காட்டுவார்கள். எங்களுக்கு அந்தச் சான்று பெரிதாகப் படவில்லை. ஆளுகிற ஊரின் மொழியில் கல்வெட்டு வெட்டுவது அந்தக் கால வழமை. தமிழ் நாட்டுக்கு வந்தபோது அவர்களே தமிழிலும் வெட்டினார்கள். அதை வைத்து வீட்டில் என்ன மொழி பேசினார்கள் எண்டு எப்படிச் சொல்லுறது?

தில்லிக் கதைக்கும் ஆதாரம் நாங்கள் நினைத்த அளவு கெட்டி இல்லை. கம்பிலி அரசனின் பிள்ளைகள் பிடிபட்டு முஸ்லிமானதை இப்னு பதூதா எழுதுகிறார், சிலரைத் தான் நேரில் கண்டதாகவும் சொல்கிறார். அதில் ஹரிஹரர் இல்லை, புக்கர் இல்லை. பரனி, சுல்தான் கம்பிலிக்கு அனுப்பிய ஒருவர் மதத்தை விட்டுக் கிளர்ந்ததாகச் சொல்கிறார். பெயர் சொல்லவில்லை. போர்த்துக்கேயக் குதிரை வியாபாரி நூனிஸ் இரண்டு நூற்றாண்டு கழித்துக் கேட்டு எழுதினதில் பெயரே வேறு. வெற்றிடத்தில் பெயரை நிரப்பினது பிற்கால ஆய்வாளர்கள்.

வித்யாரண்யர் கதையும் அப்படித்தான். அவர் சிருங்கேரி மடத்தின் தலைமைக்கு வருவது 1370களில், அரசு தொடங்கிப் பல வருசம் கழித்து. அவரை ஸ்தாபகராகக் காட்டும் செப்பேடுகளில் பல பிற்காலத்தில் உருவானவை என்று ஹெர்மன் குல்கே காட்டினார்.

எங்களை அதிகம் யோசிக்க வைத்தது பிலிப் வாகனர் கேட்ட கேள்வி. சகோதரர்கள் தில்லிக்குக் கைதியாகப் போய் வந்த கதை விஜயநகரத்தைப் போற்றி எழுதின சமஸ்கிருத நூல்களிலேயே வருகிறதே, ஏன்? அந்தக் கதை அவமானம் எண்டால் மறைத்திருக்க வேண்டும். மறைக்கவில்லை. சுல்தானிடமிருந்து அதிகாரம் வாங்கி வந்தவர் என்பது அந்தக் காலத்தில் ஒரு பெருமை, ஆளுகிற தகுதிக்கு ஒரு அத்தாட்சி. இப்படி வாசித்தால், 'முஸ்லிம் ஆட்சிக்கு எதிராக எழுந்த இந்துக் கோட்டை' என்று இந்த அரசைப் பற்றிப் பாடப்புத்தகம் தொடக்கம் மேடைப் பேச்சு வரைக்கும் சொல்லப்படுகிற கதை நிற்கக் கஷ்டப்படும். மதுரை சுல்தானை புக்கரின் மகன் குமார கம்பணன் வென்றது உண்மைதான். ஆனால் அதே அரசின் படையில் முஸ்லிம் வீரர்களும் இருந்தார்கள்.

மொழிச் சண்டை சூடானதும் சும்மா இல்லை. 1936இல் தார்வாடில் அறுநூறாவது ஆண்டு மலர் வந்தபோது கன்னடர் தங்களுக்கென்று ஒரு மாகாணம் கேட்டுக்கொண்டிருந்தார்கள், தெலுங்கர் ஆந்திரா கேட்டுக்கொண்டிருந்தார்கள். 1953இல் ஆந்திரா பிரிந்தபோது பெல்லாரி ஆருக்கு என்பதே வழக்கு. ஹம்பி இடிபாடுகள் கிடக்கிற பக்கம் மைசூருக்குப் போனது. ஸ்தாபகர் எந்த மொழிக்காரர் என்ற ஆராய்ச்சிக்குப் பின்னால் ஒரு எல்லைக்கோடு இருந்தது. யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகள் கலிங்கத்திலிருந்து வந்தவர்களா பாண்டி நாட்டிலிருந்து வந்தவர்களா எண்டு கேட்டு வளர்ந்த எங்களுக்கு இந்தச் சூடு புதுசில்லை.

சகோதரர்கள் தங்களைப் பற்றிச் சொன்னதைப் பார்த்தால் கன்னடர் என்றும் இல்லை, தெலுங்கர் என்றும் இல்லை. யது வம்சம், சந்திர குலம் என்றார்கள். அது அந்தக் காலத்து அரசர் பலரும் சொன்னது. புக்கரின் கல்வெட்டில் வருகிற இன்னொரு பட்டம் 'ஹிந்துராய சுரத்ராண'. சுரத்ராண என்றால் வேறொன்றுமில்லை, சுல்தான் என்ற சொல்லைத்தான் சமஸ்கிருதமாக்கி வைத்திருக்கிறார்கள். இந்து அரசர்களுக்குள் சுல்தான். தன்னை அப்படி அழைக்கச் சொன்னது அவரேதான்.