காப்பி மூட்டையும் கணினிக் கம்பெனியும்

போன மாதம் பேரன் ஏற்காட்டுக்கு வந்திருந்தான். சேலத்தில் ஏழெட்டுப் பேரை வைத்து ஒரு சிறிய மென்பொருள் கம்பெனி நடத்துகிறான். "தாத்தா, நம்ம மூணு ஏக்கர் காப்பித் தோட்டத்தை அடமானம் வெச்சு அமெரிக்காவுல ஒரு ஆபீஸ் போடலாம்னு இருக்கேன்" என்றான். உடனே பதில் சொல்லாமல் பழைய கதையைச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

சேர்வராயன் மலைக்கு 1820-களில் காப்பியைக் கொண்டுவந்தவர் அன்றைய சேலம் கலெக்டர் காக்பர்ன். செடி மலையில், வாங்குபவரோ கடல் கடந்த ஊரில். தனித்தனியாக நின்ற தோட்ட முதலாளிகள் மெல்லச் சங்கம் சேர்ந்தார்கள். 1893-ல் தென்னிந்தியத் தோட்டச் சங்கங்கள் ஒன்றுகூடி 'உபாசி'யை அமைத்தன. அப்போது அது பெரும்பாலும் வெள்ளைக்காரர்களின் வட்டம்.

1942-ல் காப்பிச் சட்டம் வந்தது. விளைந்த காப்பியைப் பொதுத் தொகுப்பில் சேர்க்க வேண்டும். காப்பி போர்டு விற்றுத் தவணை தவணையாகப் பணம் தரும். வங்கியில் நான் வேலை பார்த்தபோது, அந்தத் தவணையை நம்பித்தான் சிறு விவசாயிகளுக்குக் கடன் கொடுப்போம்.

1996-ல் கட்டுப்பாடு முழுவதும் போயிற்று. யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம். ஆனால் யாரைத் தெரியும்? ஏற்றுமதிக்காரர்களோடு பழக்கம் இருந்தவர்கள் நல்ல விலை பார்த்தார்கள். என் அப்பா, வாசலுக்கு வந்த தரகர் சொன்ன விலைக்கு மூட்டையைத் தூக்கிக் கொடுத்தார்.

கணினித் தொழிலிலும் இதே கதைதான். 1988-ல் நாஸ்காம் பிறந்தது. 1992-ல் சிலிக்கான் பள்ளத்தாக்கில் நம்மவர்கள் 'டை' அமைப்பைத் தொடங்கினார்கள். வளர்ந்தவர்கள் புதியவர்களுக்கு வழிகாட்டினார்கள். அங்கே 1980-க்குப் பின் தொடங்கிய தொழில்நுட்ப நிறுவனங்களில் ஏறக்குறைய கால்பங்கை இந்தியர்களும் சீனர்களும் நடத்துவதாகப் பேராசிரியர் அன்னாலீ சாக்சேனியன் 1999-ல் எழுதினார். அதற்கு இத்தகைய பழக்கவழக்கங்கள் பெரிதும் உதவின என்றும் காட்டினார். சேலத்துக் கம்பெனியை அமெரிக்கக்காரருக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்த ஒருவர் "இவர்கள் சொன்ன தேதிக்கு முடிப்பார்கள்" என்றால்தான் கதவு திறக்கும்.

"சங்கத்துல சேர்ந்தா ஆர்டர் வந்துடுமா தாத்தா?"

"வராது கண்ணு. அறிமுகம்தான் வரும். வேலைய நீதான் செய்யணும். முதல்ல நாலு பேரைப் பழகிக்கோ, அப்புறம் ஆபீஸ் போடலாம்."

இந்த வாரம் சென்னையில் ஒரு தொழில்முனைவோர் கூட்டத்துக்குப் போயிருக்கிறான். தோட்டத்துப் பத்திரம் பீரோவில்தான் இருக்கிறது.