எம்ஜிஆர் - கருணாநிதி முதல் பெரியார் - ராஜாஜி வரை: அரசியல் வந்தா நட்பு போயிடுமா?

ஒரகடம் கம்பெனி பஸ்ஸில் தினமும் பக்கத்து சீட்டில் வருபவர்கள்கூட தேர்தல் நேரத்தில் முகம் கொடுத்துப் பேசாமல் போவதுண்டு. குன்றத்தூரில் ஒரே ரூமில் தங்கியிருப்பவர்களின் வாட்ஸ்அப் குரூப், ஒரு மீம்ஸால் உடைந்துவிடும். நம்ம தலைவர்களின் நட்புகள் என்ன ஆச்சு? பார்க்கலாம்.

எம்ஜிஆர் - கருணாநிதி: முறிந்தது எப்படி?

'மந்திரி குமாரி' (1950), 'மலைக்கள்ளன்' (1954) படங்களில் எம்ஜிஆர் ஹீரோ, கருணாநிதி வசனம். 1969-ல் அண்ணா மறைந்தபோது, கருணாநிதி முதல்வராக எம்ஜிஆர் ஆதரவு கொடுத்தார். 1972 அக்டோபர் 8-ல் திருக்கழுக்குன்றம் கூட்டத்தில், திமுக பொருளாளராக இருந்த எம்ஜிஆர், கட்சிக்காரர்கள் சொத்துக்கணக்கு காட்ட வேண்டும் என்றார். அன்று குன்றத்தூரும் திருக்கழுக்குன்றமும் ஒரே செங்கல்பட்டு மாவட்டம்தான். சில நாட்களில் எம்ஜிஆர் நீக்கப்பட்டார். அக்டோபர் 17-ல் அதிமுக பிறந்தது. 1979-ல் பிஜு பட்நாயக் முயற்சியில் நடந்த இணைப்புப் பேச்சும் கைகூடவில்லை.

பெரியார் - அண்ணா: 18 வருஷ இடைவெளி

1949-ல் மணியம்மையை பெரியார் திருமணம் செய்ததை எதிர்த்து அண்ணா வெளியேறி, செப்டம்பர் 17-ல் திமுகவைத் தொடங்கினார். 1967 தேர்தலில் பெரியார் ஆதரித்தது காங்கிரஸை. ஆனால் ஜெயித்ததும் அண்ணா திருச்சிக்குப் போய் பெரியாரைப் பார்த்தார். தன் ஆட்சியையே அவருக்குக் காணிக்கை என்றார்.

பெரியார் - ராஜாஜி: கடைசி வரை

ஒருவர் கடவுள் மறுப்பாளர், இன்னொருவர் பக்திமான். 1953-ல் ராஜாஜி கொண்டுவந்த கல்வித் திட்டத்தை 'குலக்கல்வி' என்று கடுமையாக எதிர்த்தவர் பெரியார். 1954-ல் ராஜாஜி பதவி விலகினார். ஆனாலும் நட்பு நின்றது. 1972 டிசம்பர் 25-ல் ராஜாஜி மறைந்தபோது, இறுதிச் சடங்குக்கு வந்த பெரியார் கண்ணீர் விட்டு அழுதார்.

என்ன வித்தியாசம்?

எம்ஜிஆர் - கருணாநிதி ஒரே கட்சியில் இருந்தவர்கள். சண்டை கொள்கையைத் தாண்டி நேர்மை, பதவி என்று போனதும் நம்பிக்கையே உடைந்தது. பெரியாரும் ராஜாஜியும் மேடையில் ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுக்காமல் மோதினார்கள். ஆனால், 'நீயும் என்னை மாதிரியே யோசிக்கணும்' என்று எதிர்பார்க்கவில்லை. அண்ணாவோ, முதல் அடியைத் தானே எடுத்து வைத்தார்.

ஓட்டு யாருக்கு என்பது அவரவர் உரிமை. குரூப்பை விட்டு வெளியேறிய நண்பருக்கு, அரசியல் பேசாமல் ஒரு போன் போட்டுப் பாருங்க.